சீட்டைப் பிரித்தால் இரண்டு நிமிடம்

ஜூன் 4

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் சண்டைக்கு வருகிறது. மாமா எப்படி இருக்கிறார்? நாள் முழுக்கப் பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழித்துவிட்டு வருகிறவர், வீட்டுக்கு வந்ததும் காலை ஒரு தலையணைமேல் தூக்கி வைக்கச் சொல். நர்ஸ் படித்த மருமகள் சொன்னதாகச் சொல்.

நர்ஸ் படித்தவள்தான், இன்னும் நர்ஸ் ஆகவில்லை. போன வாரம் முதல் நேர்முகத் தேர்வுக்குப் போய் மண்ணைக் கவ்விக்கொண்டு வந்தேன். சான்றிதழை யாரும் பார்க்கவே இல்லை. "நோயாளி இப்படி இருக்கார், நீ என்ன செய்வே?" என்று வரிசையாக ஐந்து கேள்வி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்துக்கும் "டாக்டரைக் கூப்பிடுவேன்" என்றேன். ஐந்தாவது பதிலுக்கு அங்கிருந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டு, "டாக்டரைக் கூப்பிட எங்ககிட்ட போன் இருக்கும்மா. எங்களுக்கு நர்ஸ்தான் வேணும்" என்றார். அசடு வழிய எழுந்து வந்தேன்.

ஆனால் கேள்! இங்கே எங்கள் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஆஸ்பத்திரி திறக்கிறார்கள். குழந்தைகள் வார்டுக்குப் புதியவர் ஒருவர் வேண்டுமாம். ஒரே ஒரு இடம். அந்த இடம் எனக்கு வேண்டும். நீயும் வேலை தேடிக்கொண்டுதானே இருக்கிறாய், ஒருவருக்கொருவர் கேள்வி அனுப்பிப் பழகலாம். போனில் வேண்டாம். போனை எடுத்தால் நாம் ஊர்க்கதைதான் பேசுவோம். கேள்வியைத் தனிச் சீட்டில் எழுதி மடித்து, கடிதத்துக்குள் வைக்க வேண்டும். பிரித்ததும் கடிகாரத்தைப் பார்த்து இரண்டே நிமிடத்தில் பதில் எழுத வேண்டும். புத்தகம் கூடாது. அடித்தல் திருத்தல் கூடாது. எழுதினபடியே அனுப்ப வேண்டும்.

உன் முதல் சீட்டு உள்ளே இருக்கிறது. மூன்று மாதம் மூத்தவள் என்ற மரியாதைக்குக் கொஞ்சம் கஷ்டமாகவே வைத்திருக்கிறேன்.

உன்
குண்டூசி

*

ஜூன் 12

என் குண்டூசிக்கு,

அப்பா காலைத் தலையணைமேல் வைத்தார். தலைக்குத் தலையணை இல்லாததால் இப்போது கழுத்து வலிக்கிறதாம். மற்றபடி நாங்கள் நலம். அத்தையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஏமாற்றுகிறாயா?

உன் சீட்டில் இருந்த, அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் திடீரென்று மூச்சு வாங்கும் ஆளுக்கு என் பதில் தனித்தாளில் இருக்கிறது. இரண்டு நிமிடம்தான், சத்தியமாக. வேகமாக எழுதியதில் இரண்டு பக்கம் ஆகிவிட்டது.

நானும் இரண்டு நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லும்படி அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அப்பா தினமும் வேலை முடிந்து வந்து, "என்னம்மா, நீ இறங்கவேண்டிய ஸ்டாப் இன்னும் வரலையா?" என்கிறார். விளையாட்டாகத்தான் கேட்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

அந்த விளம்பரத்தை வெட்டி அனுப்பேன். சும்மா, அவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அதற்கேற்பக் கேள்வி போடலாம்.

உன்
ஒட்டடைக்குச்சி

*

ஜூன் 20

ஒட்டடைக்கு,

அம்மாவுக்கு ஒத்தடம் கொடுக்கிறேன், சாட்சிக்கு அம்மாவே இருக்கிறாள். மாமாவுக்கு இன்னொரு தலையணை வாங்கிக் கொடு.

உன் பதிலைப் படித்தேன். எல்லாம் சரி. ஆளை நிமிர்த்தி உட்கார வைத்தாய், ஆக்ஸிஜன் அளவு பார்த்தாய், விட்டு நகரவில்லை. ஆனால் இதை எல்லாம் இரண்டாம் பக்கத்தில் செய்கிறாய். அவர் முதல் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நோய்க்குக் காரணங்கள் ஏழு என்று நீ எழுதிக்கொண்டிருந்தபோது அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார் பாவம்.

எனக்கு நீ அனுப்பிய காய்ச்சல் குழந்தைக்கு வலிப்பு வந்த கேள்விக்கு என் பதில் கீழே. படித்துவிட்டுத் திட்டு.

"டாக்டரைக் கூப்பிடுவேன். இல்லை. குழந்தையை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைப்பேன். சுற்றி இருக்கிற சாமான்களை எடுப்பேன். வாயில் எதையும் வைக்க மாட்டேன், அம்மாக்காரி ஸ்பூனைக் கொண்டுவந்தாலும் விடமாட்டேன். மணி பார்ப்பேன். அங்கிருந்தே குரல் கொடுத்து ஆளைக் கூப்பிடுவேன்."

பார், முதல் வார்த்தை இன்னும் டாக்டர்தான். அடிக்கவும் கூடாது என்று நானே சட்டம் போட்டுவிட்டேன். விளம்பரம் உள்ளே இருக்கிறது.

உன்
குண்டூசி

*

ஜூலை 9

அன்புள்ள குண்டூசிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எனக்கு நான்கு நாள் ஜலதோஷம். இப்போது பரவாயில்லை. அப்பாவும் சுகம். அத்தையும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வலிப்புக்கான பதில் நன்றாக இருந்தது. முதல் வார்த்தையைத் தவிர. டாக்டர் வந்து சேரும்வரை பிள்ளை உன் மூக்கையா பார்த்துக்கொண்டிருக்கும்?

இந்தத் தடவை ஐந்து சீட்டு வைத்திருக்கிறேன். ஐந்தும் குழந்தைகள் வார்டுக் கேள்விகள். நான்கு நாளாக வேறு எதையும் நான் படிக்கவில்லை. உனக்காகத்தான்.

அழைப்புக் கடிதம் வந்துவிட்டதா? எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரியுமா? எல்லோருக்கும் ஒரே நாளா, வேறு வேறு நாளா?

உன்
ஒட்டடைக்குச்சி

*

ஜூலை 16

ஒட்டடையே, உன் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும்!

வந்துவிட்டது! ஆகஸ்ட் 21, காலை பத்து மணி. தபால்காரரிடமிருந்து வாங்கி வாசற்படியிலேயே பிரித்தேன். அம்மா முழங்காலை மறந்து இரண்டு படி ஓடி வந்தாள். எட்டுப் பேராம், எல்லோருக்கும் ஒரே நாள். நாங்கள் நலமா என்றெல்லாம் கேட்காதே, தலைகால் புரியாமல் இருக்கிறோம். உன் ஜலதோஷம் விட்டதா?

ஐந்து சீட்டையும் எழுதி முடித்தேன். ஐந்திலும் டாக்டர் மூன்றாவது வரியில்தான் வருகிறார்!

இன்னொன்று. எங்கள் தெருக்கோடியில் முதியோர் இல்லம் இருக்கிறதல்லவா, அங்கே ஒரு நர்ஸ் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள். போனேன். பேசினேன். உடனே வரச் சொல்கிறார்கள்! ஜூலை 31க்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்துவிட்டால் ஆறு மாதம் விலக முடியாது, அதனால் ஆஸ்பத்திரியை மறந்துவிட வேண்டியதுதான். அம்மா கையில் இருப்பதைப் பிடி என்கிறாள். எனக்குக் குழந்தைகள் வார்டுதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நீ சொல். உன்னைவிட என் பதில்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எட்டுப் பேரில் எனக்கு வாய்ப்பு உண்டா? பூசி மெழுகாமல் சொல். நீ சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்யப்போகிறேன்.

உன்
குண்டூசி

*

ஜூலை 24

அன்புள்ள குண்டூசிக்கு,

இங்கே நலம். அங்கே எல்லோரும் நலமா?

உன் பதில்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. உனக்குத் தகுதி இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் எப்படித் தயாராகியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? உன் மனசு என்ன சொல்கிறதோ அப்படிச் செய். இதில் நான் என்ன சொல்ல முடியும்.

ஒரே ஒரு சீட்டுதான் இந்தத் தடவை. அப்பா கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

உன்
ஒட்டடைக்குச்சி

*

ஜூலை 28

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

என்னடி, கடிதம் எழுதினாயா, இல்லை மருந்துச் சீட்டு எழுதினாயா? ஆறு வரி! உடம்பு சரியில்லையா? மாமாவோடு சண்டையா? நாங்கள் சுகம்தான், நீ சுகமா என்பதுதான் சந்தேகம்.

தகுதி இருக்கிறது என்று சொல்லிவிட்டாய், எனக்கு அது போதும். 31ஆம் தேதி காலையிலேயே முதியோர் இல்லத்துக்கு நேரில் போய், மன்னியுங்கள், வரமுடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

உன் சீட்டுக்கு வருவோம். "குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து இரண்டரை மில்லி கொடுக்கவேண்டிய இடத்தில் நீ ஐந்து கொடுத்துவிட்டாய். யாரும் பார்க்கவில்லை. குழந்தை நன்றாகத் தூங்குகிறது. என்ன செய்வாய்?" இதோ என் இரண்டு நிமிடம்.

"முதலில் குழந்தையைப் பார்ப்பேன். மூச்சு, நாடி. பிறகு டாக்டரிடம் சொல்வேன், அம்மாக்காரியிடமும் சொல்வேன். சம்பவ அறிக்கை எழுதுவேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் மறைத்தால் சார்ட்டில் இரண்டரை என்றுதான் இருக்கும். அடுத்த ஷிப்டில் வருகிறவள் அந்தப் பொய்யை நம்பி அடுத்த வேளை மருந்தைக் கொடுப்பாள். நான் செய்த தப்பு ஒன்றுதான், ஆனால் மறைத்தால் அவள் கையாலும் ஒரு தப்பைச் செய்ய வைக்கிறேன்."

ஒன்றரை நிமிடத்தில் முடித்தேன்! இது எளிது. இப்படிப்பட்ட கேள்வியையா கேட்பார்கள்?

உன்
குண்டூசி

*

ஜூலை 31, மாலை

குண்டூசிக்கு,

சம்பவ அறிக்கை.

என்ன நடந்தது: நீ அனுப்பிய விளம்பரம் வந்த அன்றே நானும் அதே இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். கூப்பிடவா போகிறார்கள் என்று நினைத்தேன். ஜூலை 6ஆம் தேதி கூப்பிட்டுவிட்டார்கள். எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. எனக்கு ஜலதோஷமே வரவில்லை. உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் அந்த நாட்கள் போயின. ஐந்து சீட்டும் எனக்காகப் படித்தபோது எழுதியவை.

யாருக்குப் பாதிப்பு: உனக்கு. வாய்ப்பு உண்டா என்று நீ என்னிடம் போய்க் கேட்டாய். உன்னோடு போட்டிக்கு நிற்கிறவளிடம் கேட்கிறாய் என்பது உனக்குத் தெரியாது. சேர்ந்துவிடு என்று சொன்னால் உன்னை ஒதுக்குகிற மாதிரி இருந்தது. சேராதே என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் வழவழவென்று ஆறு வரி எழுதினேன்.

உடனே என்ன செய்தேன்: உன் கடிதம் இன்று மாலைதான் கைக்கு வந்தது. உன் இரண்டு நிமிடப் பதிலின் கடைசி வரியைப் படித்தபோது என் முகத்தில் ஈயாடவில்லை. போனை எடுத்தேன். அத்தை எடுத்தார். "காலைலயே போயி வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டா. ஒரே துள்ளல்" என்றார். "சரி அத்தை, நீங்க நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் மழுப்புவேன் என்று பயம்.

வேலை கிடைக்காதவள் என்று உன் முன்னால்கூடத் தெரியக் கூடாது என்ற வெட்கம்தான் ஆரம்பம். பிறகு அது வளர்ந்துவிட்டது. 21ஆம் தேதி நான் வரவில்லை. அவர்களுக்கு எழுதிவிடுகிறேன்.

ஒட்டடைக்குச்சி

*

ஆகஸ்ட் 5

ஏய்,

அம்மா சுகம். நான் சுகமில்லை. இரண்டு நாளாக உன்மேல் கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ விண்ணப்பம் போட்டதில் என்னடி தப்பு? ஆஸ்பத்திரி என் தாத்தா கட்டியதா? சொல்லியிருந்தால் நான் ஒரு நாள் முறைத்திருப்பேன், மறுநாள் இரண்டு மடங்கு சீட்டு அனுப்பியிருப்பேன். நீ சொல்லாததால் அம்மாவின் பேச்சைத் தட்டினேன். உன் எழுத்தை நம்பிக் கையில் இருந்த வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தத் துள்ளலை நினைத்தால்தான் எனக்கு அவமானமாக இருக்கிறது. அதற்குத்தான் அழுதேன்.

இப்போது பெரிய தியாகி மாதிரி வரவில்லை என்கிறாயே, அது இன்னும் மோசம். நீ விட்டுக்கொடுத்த வேலையில் நான் எந்த முகத்தோடு உட்காருவேன்? 20ஆம் தேதியே வந்துவிடு. பகல் வண்டிக்கு அம்மா ஸ்டேஷனுக்கு வருவாள். நான் வரமாட்டேன். வீட்டில் உன்னிடம் பேச மாட்டேன். கேள்வி மட்டும் கேட்பேன். நீ பதிலை நான்கு வரியில் சொல்ல வேண்டும்.

வராமல் இருந்துபார், மாமாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

குண்டூசி

*

ஆகஸ்ட் 25

என் குண்டூசிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அப்பா சுகம். அத்தை கட்டிக்கொடுத்த சாப்பாட்டில் பாதி அவருக்குத்தான் போனது. ஸ்டேஷனில் என் பையைத் தூக்கிய அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பேச மாட்டேன் என்றாய், பேசவே இல்லை! சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே "ரத்தம் ஏறிக்கிட்டிருக்கு, நோயாளிக்கு நடுக்கம் வருது, முதுகு வலிக்குதுங்கறார்" என்கிறாய். "முதலில் ரத்தத்தை நிறுத்துவேன்" என்று நான் சொன்னால் அடுத்த சோற்றுக் கவளம் உன் வாய்க்குள் போகிறது. அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்த வயசுல புருஷன் பொண்டாட்டி மாதிரி என்னடி இது?" என்றார். நான் சிரிப்பை அடக்கியதில் புரையேறி, நீதான் முதுகில் தட்டினாய். ஓங்கித் தட்டினாய்.

ஆனால் உன் அறையில், உன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு நீ கீழே படுத்தாய். காலையில் என் காலர் மடங்கியிருந்ததைச் சரிசெய்தாய். அதையும் பேசாமல்தான் செய்தாய். எனக்கு அப்போதே அழுகை வந்தது. தேர்வுக்குப் போகிற முகம் வீங்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

தேர்வு முடிந்து வெளியே வந்து படியில் இறங்கும்போது, "எடை! பிள்ளையோட எடையை நான் கேக்கவே இல்லடி!" என்று நீ தலையில் கைவைத்து உட்கார்ந்தாயே, அதுதான் நான் வந்த பிறகு நீ என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. டாக்டர் போனில் மருந்தின் அளவு சொல்கிறார் என்ற கேள்வி எனக்கும் வந்தது. குழந்தையின் எடைக்கேற்பத்தானே மருந்து, நான் எடையைக் கேட்டேன். அதை அந்தப் படியிலேயே உன்னிடம் சொன்னேன். மறைத்து ஒருதரம் பட்டது போதும்.

உன்
ஒட்டடைக்குச்சி

*

செப்டம்பர் 3

குண்டூசி,

நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். தபால் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. அப்படியென்றால் உனக்கு இல்லை. உனக்கும் இன்றோ நாளையோ கடிதம் வரும். அதற்குமுன் என் வாயால் நீ கேட்க வேண்டும் என்றுதான் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். அப்பா இன்னும் பஸ்ஸில் இருக்கிறார். அவருக்குக்கூடத் தெரியாது. உலகத்தில் முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதையும் மறைக்கமாட்டேன். எழுத்தே கோணுகிறது பார்.

நீ என்ன திட்டினாலும் எழுது. பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
ஒட்டடைக்குச்சி

*

செப்டம்பர் 20

அன்பான ஒட்டடைக்குச்சி நர்ஸம்மாவுக்கு,

நாங்கள் சுகம். நிஜமாகவே சுகம். மாமா பஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாராமே! டிக்கெட் கொடுக்க மறந்தாரா, இல்லையா?

பதினேழு நாள் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். வேண்டுமென்றே இல்லை. உன் கடிதமும் ஆஸ்பத்திரிக் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. உன்னுடையதைத்தான் முதலில் பிரித்தேன். பாதி மனசு உனக்காகக் குதித்தது. மீதிப் பாதி உனக்கும் கிடைத்திருக்கக் கூடாது என்றது. அந்த மீதிப் பாதி இருக்கும்போது உனக்கு எழுத எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது தேடிப் பார்த்தேன், அது எங்கேயோ போய்விட்டது. இல்லை, கொஞ்சம் இருக்கிறது. நீ அடுத்த மாதம் வேலைக்குச் சேர இங்கே வந்து தங்கும்போது அதையும் விரட்டிவிடலாம். உனக்குக் கட்டில் போட்டாகிவிட்டது. ஜன்னல் பக்கம் என்னுடையது, அதில் பேச்சுக்கே இடமில்லை.

இனி என் செய்தி. முதியோர் இல்லத்துக்கு மறுபடியும் போனேன். "இதைவிட நல்ல வேலை கிடைக்கும்னு நினைச்சேன், கிடைக்கல" என்று உள்ளதைச் சொன்னேன். பொறுப்பாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த ஒரு இடத்துக்கு இதுவரை நாலு பேர் சரின்னு சொல்லிட்டுத் திரும்பியே வரல. நீ ஒருத்திதான் வேண்டாம்னு சொல்றதுக்காவது நேர்ல வந்தே. வியாழக்கிழமை வந்துடு" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் காலில் விழாத குறை!

நேற்று முதல் நாள். யூனிபார்மை அம்மா மூன்று தடவை இஸ்திரி போட்டாள். உள்ளே போய் அரைமணி நேரத்தில் என்னை ரத்தம் எடுக்க அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது சட்டைக் கையைத் தானே மடித்து வைத்திருந்தார். பெயர் கேட்டேன், கை கழுவினேன், அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். எல்லாம் நீயும் நானும் எழுதிய வரிசையிலேயே. ஊசியை எடுத்ததும் அதை இரண்டு தடவை விரல் மாற்றிப் பிடித்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்பது வருஷமா ஊசி பிடிக்கிற கைங்களைப் பாத்தவன் நான். நீ புதுசா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டதடி. முதல் நாளே பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்குவதா? ஆனால் ஊசி ஏறப்போவது அவர் கையில் அல்லவா.

"ஆமாங்க ஐயா. இன்னைக்குத்தான் முதல் நாள். நீங்கதான் முதல் ஆள்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பட்டையை அவிழ்த்துவிட்டு வலது கையை இழுத்துக்கொண்டார். போச்சு, வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இடது சட்டைக் கையை மெதுவாக, ஒரு சுருக்கமும் இல்லாமல் மேலே மடித்துவிட்டு, அந்தக் கையை என் முன்னால் நீட்டினார்.

"அப்போ இதுல எடு. இதுலதான் நரம்பு நல்லாத் தெரியும்."

உன்
குண்டூசி